முதல்ல கூப்பிடுற பேரு

இந்த மரத்தடியில உக்காரு தாயி. பிள்ளைய மடியில போட்டுக்க. ஊசிக்கு உன் பிள்ளை பேரைக் கூப்பிட இன்னும் நேரம் கிடக்கு. நீ இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவ, அதனால கேட்டுக்க.

இந்த முள்ளிக்கரைக்குத் தார் ரோடு வராத காலமாம். ஊருக்குள்ள நுழைஞ்சா முத வீடு ஆவுடைத்தாய் வீடு. எங்க அப்பாவுக்குச் சித்தி மக அவ. ஒரே பிள்ளை, முத்துக்கனி, ரெண்டு வயசு. முன்ன போட்ட ஏதோ ஊசிக்குப் பிள்ளை ரெண்டு நாளு அனத்திக்கிட்டே கிடந்துச்சாம். அதுல தாய்க்காரி பயந்துட்டா.

மணல்வாரி அம்மைக்கு, அதான் தட்டம்மைக்கு, ஊசி போட நர்சம்மா வாறாகன்னு சேதி வந்துச்சு. ஆவுடை என்ன செஞ்சா? ஒரு கொத்து வேப்பிலைய ஒடிச்சு நிலையில சொருகிட்டா. வேப்பிலை சொருகுன வீட்டுக்குள்ள வெளியாளு கால் வைக்க மாட்டாகள்ல.

நர்சம்மா வாசல்லயே நின்னுட்டாகளாம்.

"பிள்ளைக்கு என்ன தாயி?"

"மணல்வாரி போட்டிருக்கும்மா. மூணு நாளாச்சு."

"சரி, தண்ணி ஊத்துனதும் தூக்கிட்டு வா."

போயிட்டாக. ஆனா பொய் சொன்னா அதோட விட முடியுமா? ஊரு பாக்குதே. ஒத்தப்படை நாள்ல மஞ்சளும் வேப்பிலையும் போட்டு, நல்லா இருக்குற பிள்ளைக்குத் தண்ணி ஊத்துனாளாம். அது சிரிச்சுக்கிட்டே குளிச்சுதாம்.

ஒரு மாசம் போச்சு. நெசமாவே வந்துருச்சு. கண்ணு செவக்குது, மூக்கு ஒழுகுது, உடம்பு கொதிக்குது. பக்கத்து வீட்டுக் கோமு வந்து பாத்தா. "ஒருக்கா போட்ட மணல்வாரி மறுக்கா வராதுடி. இது சூட்டுக் காய்ச்சல்"னு சொல்லி, தன் மகளையும் கூடவே விளையாட விட்டா.

ஆவுடைக்குத் தெரியும். நெசத்தச் சொன்னா, ஆத்தா பேரால பொய் சொன்னவன்னு ஊரு காறித் துப்புமே. ஒரு நாளு. ரெண்டு நாளு. மூணு நாளு. பிள்ளைக்கு நெஞ்சு இழுத்துச்சு. நாலாம் நாள் விடியும்போது அடங்கிருச்சு.

அவ அழலயாம். புதைச்ச கையோட வீடு வீடா ஏறுனா. "அப்ப சொன்னது பொய். இதுதான் நெசம். உங்க பிள்ளைகளப் பாருங்க." கோமு அடிச்சாளாம். அடிய வாங்கிக்கிட்டு, ஆறு மைல் நடந்து நர்சம்மாவக் கூட்டிட்டு வந்தா. கோமு மகளுக்கு ஒரு கண்ணு போச்சு. அதுக்கப்புறம் எந்தப் பிள்ளையும் சாகல.

அன்னைக்கு இதே மரத்தடியில நர்சம்மா ஊசி போட நோட்டைப் பிரிச்சாக. முத வீடு, முத பேரு. வாய் தவறிக் கூப்பிட்டுட்டாக, "முத்துக்கனி".

ஆவுடை எந்திரிச்சா. பிள்ளை இருக்குற மாதிரியே வெறும் இடுப்பை அணைச்சுக்கிட்டு வந்து, நாற்காலிக்கு முன்னால நின்னாளாம். நின்னுட்டுத் திரும்பிப் போனாளாம்.

அவ இருந்த மட்டும் ஒவ்வொரு ஊசி நாளும் அப்படித்தான் வந்து நின்னா. அவ போயி வருசம் பலதாச்சு. இன்னும் முத பேரு அதுதான். புது நர்சு வந்தா நாங்க சொல்லிருவோம்.

கீழூர்ல மறுபடியும் மணல்வாரியாம், ரெண்டு பிள்ளை ஆஸ்பத்திரியில கிடக்காம். நேத்து உன் வாசல்ல வேப்பிலை பாத்தேன் தாயி. உன் பிள்ளை முத்தத்துல ஓடி விளையாடிக்கிட்டு இருந்துச்சு. நான் ஒண்ணும் கேக்கல. இன்னைக்குத் தூக்கிட்டு வந்துட்ட, போதும்.

அந்தா, முத்துக்கனியக் கூப்பிடுறாக. கால மடக்கி வழி விடு, ஆவுடை வந்துட்டுப் போகட்டும். அடுத்த பேரு உன் பிள்ளை பேரு.