அறைக்கு ஒரு கண்ணாடி

இன்னொரு பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும் என்று கேட்டேன். அதை மட்டும் கேட்கக் கூடாது என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள்.

மாம்புரியில் காற்றை அளக்கும் கருவிகளுக்கான அகச்சிவப்பு லேசர்களைச் சோதிப்பது எங்கள் வேலை. மின்னோட்டத்தைக் கூட்டக் கூட்ட ஒளியின் வலுவும் சீராக ஏறவேண்டும். அப்போதும் கற்றை சிதறக் கூடாது. எங்களுடையவை நல்ல லேசர்கள். முழு வலுவும் ஊசிமுனையளவில் குவியும். கண்ணுக்குத் தெரியாது. கண்ணில் பட்டாலும் வலிக்காது.

நபீலாவுக்கும் வலிக்கவில்லை. என்னோடு வேலை செய்தவள், கரைத்தீவுக்காரி. இருந்த ஒரேயொரு கண்ணாடியை எங்கள் பொறுப்பாளர் யோகராசா, கற்றை அவள் கண்ணில் பட்ட அன்று, யாரோ விருந்தாளிக்குப் போட்டுவிட்டிருந்தார்.

"சுத்திவர எல்லாம் தெரியுது புள்ள," என்றாள். "பாக்குற எழுத்து மட்டும் இல்லாமப் போகுது."

அவளுக்குச் சீனி வருத்தம், நீரிழிவில்தான் கண் மங்கியது என்று யோகராசா மேலிடத்துக்குச் சொன்னார். அவளுக்குச் சீனி இல்லை. அதற்குப் பிறகுதான் நான் கேட்டேன்.

"குடும்பத்தில முதல் பட்டதாரி எண்டு வாய் நீளுதோ பிள்ளை? போன் கமெராவே காணும், வேற கண்ணாடி ஏன்?" என்றார்.

அவருடைய முறை அது. போனைப் பிடிப்பார். திரையில் ஊதாப் பொட்டுத் தெரிந்தால் லேசர் எரிகிறது, இல்லையென்றால் அணைந்துவிட்டது. பிறகு முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்த் தூசி பார்ப்பார். சில போன்களின் கமெரா அகச்சிவப்பைத் தடுத்துவிடும் என்பது அவருக்குத் தெரியாது.

போன கிழமை புதுப் போனோடு வந்தார். லேசர் முழு வலுவில் எரிந்துகொண்டிருந்தது. கண்ணாடி என் முகத்தில் இருந்தது.

"நிப்பாட்டித்தான் கிடக்கு," என்று குனிந்தார்.

நான் பொய் சொல்லவில்லை. அவர் என்னைக் கேட்கவில்லை, போனைத்தான் கேட்டார். பேசாமல் இருக்கத்தானே எனக்குச் சம்பளம்.

நிமிர்ந்து கண்ணைக் கசக்கினார். "நடுவில என்னவோ மறைக்குது பிள்ளை."

"சீனியா இருக்கும் சேர்."

பேசாமல் இருந்தது மட்டும்தான் என் குற்றம். விசாரணை அறிக்கையில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

போனைப் பற்றிக் கேட்டீர்கள். ஓம், எது நல்லது என்று அவர் என்னைத்தான் கேட்டார். புத்தளத்தில் கடைக்கும் கூட்டிக்கொண்டு போனார். டீவி ரிமோட்டிலும் அகச்சிவப்புத்தான் என்பதால் வீட்டு ரிமோட்டைப் பையில் வைத்துக்கொண்டு போயிருந்தேன். அவர் விலை பேசிக்கொண்டிருந்தபோது ஒவ்வொரு போனின் கமெராவுக்கு முன்னாலும் அழுத்திப் பார்த்தேன். ஒன்றில் மட்டும் பொட்டுத் தெரியவில்லை.

"இது திறம் சேர்," என்று சொல்லிவிட்டு, அவர் பெட்டியைப் பிரிக்கும் முன்பே கடையைவிட்டு வெளியே நடந்தேன்.