ஆயில் மூடியில் பாலாடை

இந்த ஊர் ஈரத்தில், பொரித்த அப்பளம் மேசைக்கு வருவதற்குள் நமத்துவிடுகிறது. உங்கள் வீட்டிலும் அப்படித்தானே ஆபீசர்? பழியை ஈரத்தின் மேல் போட வரவில்லை. ஆனால் எல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஜாலான் புசார் பின்சந்தில் எனக்கு ஒரு ஒர்க்‌ஷாப் இருக்கிறது. பலகையில் அழகப்பன் என்று என் பெயர்தான் போட்டிருக்கும். அடிக்கடி யாராவது முகம் வெளுத்து வருவார்கள். இன்ஜின் ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே பாலாடை மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறது என்பார்கள். பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. பக்கத்துக் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடுகிற கார் சரியாகச் சூடேறுவதில்லை. உள்ளே தங்கும் ஈரம் ஆயிலோடு கலந்து மூடியில் வெளுத்து நிற்கும். ஒரு நீண்ட ஓட்டம் போய் வந்தால் காய்ந்துவிடும்.

அரிதாகத்தான் வேறு கதை. உள்ளே தண்ணீரையும் ஆயிலையும் பிரித்து வைக்கிற கேஸ்கட் போய், ரேடியேட்டர் தண்ணீரே ஆயிலில் இறங்கியிருக்கும். அந்தக் காரைச் சந்து முனைவரைகூட ஓட்டக் கூடாது.

இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எளிது. ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவ வேண்டும். மூடி மட்டும் வெளுத்திருந்தால் ஈரம். குச்சியும் நுரைத்த பால் டீ, அதாவது தே தாரிக் நிறத்தில் வந்தால் கேஸ்கட்.

ஞானசேகரனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் அவர் வருத்தப்படுவார். எங்கள் தமிழ் மன்றத்தின் தலைவர். மேடையேறினால் "ஈண்டுக் குழுமியிருக்கும்" என்று தொடங்குவார். குழுமியவர்கள் பிரியாணி வாசனையை வைத்துத்தான் மீதி நேரத்தைக் கணக்கிடுவார்கள். அவருடைய பழைய ஜெர்மன் கார் வீட்டிலிருந்து மேடைக்கும் மேடையிலிருந்து வீட்டுக்கும் ஓடியதோடு சரி. பின்சீட்டில் எப்போதும் பொன்னாடைகள் கிடக்கும். அவர் ஒருவருக்குப் போர்த்திய பொன்னாடை நாலு மேடை சுற்றி அவர் தோளுக்கே திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எனக்கு அவர்மேல் பகை கிடையாது. தீபாவளி நிகழ்ச்சிக்கு நான் எழுதிய நகைச்சுவை நாடகத்தைப் பாதியில் நிறுத்தி மைக்கைப் பிடித்தார். "நம்ம அழகப்பன் தம்பி ஆயில் மாத்துறதுல கெட்டிக்காரரு. நாடகத்தை அடுத்த வருஷம் பாத்துக்கலாம் லா." சபையே சிரித்தது. என் நாடகத்துக்கு அவ்வளவு சிரிக்கவில்லை. அதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்பவன் இல்லை நான். நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். கேட்கவில்லையா? சரி.

எல்லை தாண்டி, பல மணி நேர ஓட்டத்தில் இருக்கிற ஈப்போவில் ஒரு மாநாடு. அங்கே அவருக்குப் பட்டம் கொடுப்பதாக இருந்தது. மன்றத்தார் பஸ்ஸில் போக, தலைவர் மட்டும் தம் காரில் முன்னே போவதாக ஏற்பாடு. முதல் நாள் காரை என்னிடம் கொண்டுவந்தார்.

"மூடியில வெள்ளையா இருக்கு தம்பி. சின்ன விஷயம்தானே? காலையில கோயில்ல பூஜைக்குச் சொல்லியாச்சு. மாலைகூட ஆர்டர் பண்ணியாச்சு."

சொல்லிவிட்டு, கார்க் கண்ணாடியில் தலையைச் சரிசெய்யத் திரும்பினார். நான் குச்சியை உருவினேன். தே தாரிக் நிறம். ரேடியேட்டர் தண்ணீரும் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. கையில் இருந்த துணியால் குச்சியைத் துடைத்து, இருந்த இடத்திலேயே செருகினேன். தண்ணீரை நிரப்பினேன். அவர் திரும்பியபோது மூடியை மட்டும் காட்டினேன்.

"ஈரம்தான் சார். நம்ம ஊர்ல அப்பளமே நிக்காது. தூரமா ஓட்டினா காஞ்சிடும்."

"அப்ப ஈப்போ போறது நல்லதுங்கிறீங்க."

"காருக்கு மருந்தே அதுதான். வழியில சூடு காட்டுற முள் கொஞ்சம் ஏறும். பயந்து நிறுத்திடாதீங்க. ஈரம் கொதிச்சு வெளிய போற நேரம் அது."

அந்த வைத்தியம் பொய்யில்லை ஆபீசர். வேறு நோய்க்கு உள்ளது, அவ்வளவுதான்.

என் மனதில் இருந்தது ஒரே ஒரு காட்சி. நெடுஞ்சாலை ஓரத்தில் புகையும் கார், பக்கத்தில் பட்டு ஜிப்பாவில் தலைவர், வெயிலுக்குத் தலையில் பொன்னாடை. மன்றத்து பஸ் கடந்து போகிறது, எல்லோரும் கையசைக்கிறார்கள். என் நாடகத்தில் விட்டுப்போன பாதி அது.

மறுநாள் காலை சிராங்கூன் ரோடு கோயில் வாசலில் மழை. கற்பூரத்துக்குக் குடை பிடித்தோம். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். அதில் ஒன்றை நானே வைத்தேன். என் மகள் ரக்ஷனா மாநாட்டில் தமிழ் வாழ்த்துப் பாடுவதாக இருந்ததால் வழியனுப்பப் போயிருந்தேன். அவளைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். பூஜையைப் படமெடுத்துக்கொண்டிருந்த ரமீஸ், காரில் ஓர் இடம் காலி என்றதும் அதில் ஏறிக்கொண்டான். எங்கள் பக்கத்தில் ஸ்டூடியோ வைத்திருப்பவன். எல்லோருக்கும் வேண்டியவன். கார் நகர்ந்தது. பழங்கள் நசுங்கின. எல்லோரும் கைதட்டினார்கள். நானும்தான்.

நெடுஞ்சாலையில் யோங் பெங் ஊர் தாண்டி முள் சிவப்பைத் தொட்டதாம். "நிறுத்திப் பாப்போமா சார்" என்று பின்னாலிருந்து ரமீஸ் கேட்டிருக்கிறான். "அழகப்பன் நிறுத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு" என்றாராம் தலைவர். வாழ்நாளில் அவர் அடுத்தவர் பேச்சை அப்படியே கேட்டது அந்த ஒரு தடவைதான். கொஞ்ச தூரத்தில் இன்ஜின் இறுகி, கார் முந்திச் செல்லும் தடத்தில் நின்றுபோனது. பின்னால் வந்த லாரிக்கு மழையில் அது தெரியவில்லை. பின்சீட்டில் ரமீஸ் மட்டும்தான் இருந்தான்.

தலைவருக்கு மணிக்கட்டில் முறிவு. கட்டுப் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்ட கையோடு ரமீஸின் இரங்கல் கூட்டத்தில் பேசினார். "ஈண்டுக் குழுமியிருக்கும்" என்றுதான் தொடங்கினார்.

இன்ஜினைப் பிரித்துப் பார்த்தவர்கள் ஆயிலில் தண்ணீர் இருந்தது என்கிறார்கள். நான் கவனிக்காமல் விட்டிருக்கலாம் என்று எழுதிக்கொள்ள நீங்கள் தயாராகத்தான் இருந்தீர்கள். நான்தான் வேண்டாம் என்றேன். தொழிலில் நான் எதையும் கவனிக்காமல் விடுபவன் இல்லை.

நானாகவே இந்த ஸ்டேஷனுக்கு வந்ததற்குக் காரணம் முனீரா. ரமீஸின் மனைவி. போன வாரம் அந்தப் பிள்ளை ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றது. உள்ளே வாம்மா என்றேன். வரவில்லை.

"அண்ணே, பஸ்ஸுல போறேன்னுதான் சொல்லிட்டுப் போனாரு. அந்தக் கார்ல எடம் எப்படிண்ணே வந்துச்சு?"

தெரியலம்மா என்றேன். காரைப் பற்றி எதைக் கேட்டிருந்தாலும் பதில் வைத்திருந்தேன். அது காரைப் பற்றி எதுவுமே கேட்கவில்லை.

அந்த இடம் ரக்ஷனாவுடையது. வாழ்த்துப் பாடும் பிள்ளை தலைவரோடு வரட்டும் என்று மன்றம் செய்த மரியாதை. கற்பூரம் காட்டும் முன்பே பொன்னாடைகளை ஒதுக்கிவிட்டு ஏறி உட்கார்ந்திருந்தாள். நான் கதவைத் திறந்தேன்.

"இறங்கு. பஸ்ஸுல போ."

"ஏம்பா? இங்க ஜாலியா இருக்கு."

"இறங்குன்னா இறங்கு."

இறங்கினாள். அந்த இடத்தில் ரமீஸ் ஏறும்போது நான் அவன் கேமரா பையை வாங்கி உள்ளே வைத்தேன்.

கார் வழியில் நின்றுபோகும், அதற்கு மேல் ஒன்றும் ஆகாது என்றுதான் நான் நினைத்தேன். அதை மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். மகள் ரோட்டோரம் வெயிலில் நிற்க வேண்டாமே என்றுதான் இறக்கினேன். அவளுக்கு வெயில் ஆகாது.

ஆமாம், அன்று மழைதான். மழையும் அவளுக்கு ஆகாது.