தவறான மதிப்பு

எனக்குச் சுருக்கமாகப் பேசுகிறவர்களைத்தான் பிடிக்கும். அதனால் நானும் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

பாரந்தூக்கிகள் செய்யும் கம்பெனியில் கம்பைலர் என் பொறுப்பு. மற்றவர்கள் எழுதும் புரோகிராமை இயந்திரத்துக்குப் புரியும்படி மாற்றித் தருவது அதன் வேலை. மைனஸ் எண்ணைக் கொடுத்து வர்க்கமூலம் கேட்டால், 'தவறான மதிப்பு' என்று மட்டும் சொல்லி நின்றுவிடும். எந்த வரி, எந்த எண் என்றெல்லாம் சொல்லாது. மூளை உள்ளவனுக்கு அது போதும். மற்றவர்கள் என் மேஜைக்கு வந்து கையைப் பிசைவார்கள். அதிகம் வருபவர் என் அக்காவின் கணவர். "மாப்ள, மறுபடியும் மொறைக்குதுப்பா, என்னன்னு கொஞ்சம் பாரேன்" என்று பல்லைக் காட்டுவார். வீட்டில் அவர்தான் பெரிய இன்ஜினியர்.

பிறகு ஒரு பெண் சேர்ந்தாள். குருவி என்று கூப்பிடுவார்கள். வந்த சூட்டோடு பிழைச் செய்திகளைத் திருத்தி எழுதினாள். 'இந்த வரியில் வர்க்கமூலத்துக்கு மைனஸ் எண் போயிருக்கிறது. கழித்தலைத் தலைகீழாகப் போட்டுவிட்டீர்களா?' குழந்தைக்குச் சோறூட்டுவதுபோல.

"திட்டாம சொன்னா சீக்கிரம் திருத்திப்பாங்க சார்" என்றாள்.

திருத்திக்கொண்டார்கள். என் மேஜைப் பக்கம் ஆளே இல்லை. "இனிமே மாப்ளகிட்ட கைகட்டி நிக்க வேணாம்பா" என்று அத்தான் கேன்டீனில் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

நான் கோபப்படவில்லை. குருவி எழுதியதை எடுத்துவிட்டேன். பழைய செய்தியையும் திரும்பப் போடவில்லை. மைனஸ் எண் வந்தால் விடை பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு, சத்தம் போடாமல் மேலே போகச் செய்தேன். யாரிடமும் சொல்லவில்லை. கேட்கும் அளவுக்கு யாருக்கும் விவரம் இல்லை.

அத்தான் புதிய பாரந்தூக்கியின் புரோகிராமைக் கொண்டுவந்தார். சுமை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கணக்கிடும் வர்க்கமூலத்துக்குள் தலைகீழாகக் கழித்திருந்தார், வழக்கம்போல. பார்த்தவுடனே எனக்குத் தெரிந்தது. கம்பைலர் வாய் திறக்கவில்லை.

"ஒண்ணுமே சொல்லல பாத்தியா. சுத்தமா இருக்கு" என்று என் தோளைத் தட்டினார்.

"ஆமா அத்தான்" என்றேன்.

சோதனை ஓட்டத்தில் இரும்புக் கட்டு உச்சியில் தொங்கியது. உயரம் பூஜ்யம், கட்டு தரைக்கு வந்துவிட்டது என்று நம்பி, இயந்திரம் பிடியை விட்டது. அத்தான் நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். தன் வேலையை ரசிக்க எப்போதும் அங்கேதான் நிற்பார். அதுவும் எனக்குத் தெரியும். நான் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்தேன். நிறுத்தும் பொத்தான் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.

கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். சரியான சொல் அது இல்லை. ஆனால் உங்களுக்கு அதுதான் புரியும்.

நேற்று அக்கா வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று "ஏன்டா, ஏன்டா" என்று அதையே சொல்லி அழுதாள். எதைக் கேட்கிறாள் என்று விளங்கச் சொன்னால்தானே நான் பதில் சொல்ல முடியும்.