சிவப்புப் பட்டன்

அப்பாவுக்கு மைலோ பானம் கொஞ்சம் ஆறியிருக்க வேண்டும், சார். சூடாகக் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். என் தங்கை தேவிஸ்ரீக்கு இதெல்லாம் தெரியாது. மலாக்கா டவுனிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வருவாள், நாலு பழத்தை வைத்துவிட்டுப் போவாள். பக்கவாதத்தில் பேச்சு போன மனிதரோடு தினமும் கிடந்தவன் நான்.

பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் எனக்குக் கணினி வேலை. அங்கே பெட்டிகளின் பார்கோடைப் படிக்கும் ஸ்கேனரையும் கணினி ஒரு கீபோர்டு என்றே எடுத்துக்கொள்ளும். யாராவது மின்னஞ்சல் அடித்துக்கொண்டிருந்தால் எண்களெல்லாம் அதில் போய் விழும். அதனால் கெர்னலிடம், அதாவது கணினியின் அடிமட்டத்திடமே அனுமதி வாங்கி, அந்த எண்கள் வேறு எந்த மென்பொருளுக்கும் போகுமுன் நாங்களே பிடித்துக்கொள்வோம்.

அப்பாவுக்கும் அதே வழிதான். நாலு பெரிய பட்டன்கள். தண்ணீர், வலி, பயம், நல்லா இருக்கேன். அழுத்தினால் கணினி பேசும், குரல் என்னுடையது. கை நடுங்கி ஒன்றையே பலமுறை தட்டுவார் என்பதால் நடுவில் என் மென்பொருளை வைத்து நடுக்கத்தை வடிகட்டினேன். பக்கத்து வீட்டு கோமளா அக்கா, "தம்பி கெட்டிக்காரன் லா!" என்றார்.

தொல்லை சிவப்புப் பட்டனால் வந்தது. அது பயம். நான் அறைக்குள் போனாலே அப்பா அதை அழுத்துவார். என் குரலே என்னைப் பார்த்து, "பயமா இருக்கு" என்னும். என்ன பயம், சொல்லுங்கள்? வேலைக்குப் போகும்போது கையைக் கட்டிலோடு கட்டுவேன், விழுந்துவிடக் கூடாதே என்றுதான். அழுதால் வாயைப் பொத்துவேன். பக்கத்து வீட்டில் குழந்தை தூங்கும், சார்.

ஒரு ஞாயிறு தேவி எதிரிலேயே அழுத்தினார்.

"என்னாப்பா பயம்? அண்ணன்தான் கூடவே இருக்காரே?" என்றவள் அவர் மணிக்கட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அண்ணே, அடுத்த மாசம் அப்பாவ நான் கூட்டிக்கிட்டுப் போறேன்."

அங்கே போய் அந்தப் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் ஊர் என்ன பேசும்?

மறுநாள் மென்பொருளில் சின்ன மாற்றம் செய்தேன். வலியோ பயமோ, எதை அழுத்தினாலும் கணினிக்குப் போய்ச் சேருவது "நல்லா இருக்கேன்". நிஜமாக அழுத்தியது என் கைப்பேசிக்கு மட்டும் வரும். முதல் தடவை அதைக் கேட்டதும் அப்பா பட்டனைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். அந்தக் கண்களை நினைத்தால் இப்போதும் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

அடுத்த ஞாயிறு தேவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் அடுப்படியில் மைலோ கலக்கிக்கொண்டிருந்தேன். கைப்பேசியில் வலி என்று வந்தது. மறுபடி வலி. பயம். வலி. உள்ளே என் குரல், "நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

"அண்ணே, இன்னிக்கு அப்பாவுக்கு ஒரே குஷி லா!" என்று தேவி சிரித்தாள்.

ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாளே. மைலோவை ஆற்றினேன். கைப்பேசியில் எதுவும் வராமல் நின்ற பிறகும் ஆற்றிக்கொண்டிருந்தேன். அவள் அலறினாள்.

அப்பா நிம்மதியாகத்தான் போனார், சார். சந்தேகமென்றால் தேவியைக் கேளுங்கள், கடைசிவரை அவரே சொன்னதை அவள் காதால் கேட்டிருக்கிறாள்.