மலை இலை, ஆற்றங்கரை இலை

எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். நாற்பத்தாறு வயதில் கற்றது. பக்கத்தில் யாராவது நின்றால் எழுத்து கோணிவிடும். அதனால் ஆய்வுக்கூடத்து உறைகளில் காட்டின் பெயரை முந்தின நாளே வீட்டில் எழுதிவிடுவேன். "பரீட்சைக்குப் போறீங்களா மச்சான்?" என்பான் தங்கை புருஷன்.

ஓக் மரத்தில் ஏறி இலை பறித்து உறையில் போடுவது என் வேலை. ஒவ்வொரு காட்டின் ஓக் மரங்களுக்கும் மரபணுவில் தனி அடையாளம் உண்டாம். அறுத்த பலகையைக் கொடுத்தாலும், இலையோடு ஒப்பிட்டு அது எந்தக் காட்டில் பிறந்தது என்று சொல்லிவிடுவார்களாம்.

ஒரு வாரம் ஆற்றங்கரைக் காட்டுக்கும் மலைக்காட்டுக்கும் போனேன். மரத்தின் மேல் இருக்கும்போது நான் எதையும் வாசிப்பதில்லை. எல்லாவற்றையும் ஒப்படைத்த பிறகு, ஆற்றங்கரையில் மீந்த உறை சட்டைப்பையில் கிடந்தது. அதில் மலை என்று எழுதியிருந்தது. உறைக்கட்டு மாறிவிட்டது; ஆற்றங்கரை இலை மலை உறையிலும், மலை இலை ஆற்றங்கரை உறையிலும் போய்விட்டது.

சொல்லத்தான் போனேன். ஆய்வுக்கூடத்து அம்மா என் உறையை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். "இவர் எழுத்தைப் பாருங்க, அச்சு மாதிரி." தேநீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த வருடம் தங்கை புருஷன் மலைக்காட்டில் உரிமம் வாங்கி மரம் வெட்டினான். அதே சமயம், யாரும் கைவைக்கக் கூடாத ஆற்றங்கரைக் காட்டில் சில மரங்கள் திருடுபோயின. அவன் பலகையைச் சோதித்தார்கள். ஆற்றங்கரை மரம் என்று வந்தது. ஆறு வருடம் சிறை. மரத்தூள் தின்ற நெஞ்சு அவனுக்கு.

தங்கை தாளோடு வந்தாள். "உன்மேல சந்தேகம் இல்லண்ணே. ஆய்வுக்கூடத்துலதான் யாரோ மாத்திட்டாங்க. வேற ஆளை விட்டு மறுபடி இலை பறிக்கச் சொல்லி மனு எழுது. அது போதும்."

மாலை முழுதும் எழுதினேன். அவனுடைய நேர்மை, பிள்ளைகள், இருமல் எல்லாம் எழுதினேன். வாசித்துக் காட்டியபோது அழுதாள். இலை பற்றிய வரியையும் வாசித்தேன். அது தாளில் இல்லை. அவள் கட்டை விரலைப் பிடித்து ரேகை வைத்தேன்.

புதிய காரணம் ஏதும் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அப்படி மூன்று மனு. நாலாம் வருடக் குளிரில் இருமியே போய்ச் சேர்ந்தான்.

தங்கையும் பிள்ளைகளும் இப்போது என் வீட்டில்தான். ஒரு குறையும் வைக்கவில்லை. இப்போதும் எதை எழுதவும் என்னிடம்தான் வருகிறாள். நான் எழுதத் தெரியாதவன் என்று யாரும் சொல்ல முடியாது. அவன் உடலைக் கேட்டு எழுதிய மனுவில் அவள் சொன்ன ஒரு சொல்லையும் விடவில்லை. அதற்கு இரண்டே நாளில் அனுமதி வந்தது.