இரண்டாவது சாவி

கார் வாங்க வருகிறவர்கள் நிறத்தைப் பற்றிக் கேட்பார்கள், மைலேஜைப் பற்றிக் கேட்பார்கள், பாட்டு எவ்வளவு சத்தமாகக் கேட்கும் என்றுகூடக் கேட்பார்கள். கதவைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. கதவு என்றால் திறக்கும், மூடும், அதில் என்ன இருக்கிறது என்ற நினைப்பு. அதைச் சொல்லிக் கொடுப்பதற்காகத்தான் ஷோரூமில் என்னை வைத்திருந்தார்கள். எல்லாக் கையெழுத்தும் முடிந்து வண்டிக்கு மாலை போட்டதைப் போல ரிப்பன் கட்டி நிறுத்தியபின், சாவியைக் கையில் கொடுக்குமுன் என்னிடம் அனுப்புவார்கள். பூட்டு, ரிமோட், டிக்கி. இந்த மூன்றும் என் பொறுப்பு.

விசாரணைக்கு வந்தபோது நீங்கள் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். இந்த வண்டி தானாகவே இப்படிப் பூட்டிக்கொள்ளுமா என்று. ரிமோட் பேட்டரி தீரும் நிலையில் இருந்தால் எதுவும் நடக்கலாம் என்று அன்றைக்குச் சொன்னேன். அது சரியில்லை. சரியான பதிலை எழுதித் தருகிறேன். என் வேலையை நான் எப்போதும் ஒழுங்காகச் செய்திருக்கிறேன்.

ரிமோட்டில் ஒருமுறை அழுத்தினால் சாதாரணப் பூட்டு. உள்ளே இருப்பவர் கைப்பிடியை இழுத்தால் திறந்துகொள்ளும். அடுத்தடுத்து இருமுறை அழுத்தினால் இரட்டைப் பூட்டு. அப்போது உள்கைப்பிடியும் செத்துவிடும். திருடன் கண்ணாடியை உடைத்துக் கையை விட்டாலும் கதவு அசையாது. அதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஆகவே ஆள் உள்ளே இருக்கும்போது இருமுறை அழுத்தக் கூடாது. இதை வாடிக்கையாளர்கள் திருப்பிச் சொல்லும்வரை விடமாட்டேன். டிக்கிக்குள் ஒரு பிடி இருக்கிறது, இருட்டில் பச்சையாக மின்னும். விளையாட்டாகக் குழந்தைகள் உள்ளே மாட்டிக்கொண்டால் அதை இழுத்து வெளியே வந்துவிடலாம். ஆனால் பின்சீட்டை மடிக்கும் நெம்புகோல் டிக்கிக்குள்தான் இருக்கிறது. டிக்கியில் மாட்டியவருக்கு வழி உண்டு. சீட்டில் மாட்டியவருக்கு டிக்கிக்குப் போக வழி கிடையாது.

கடைசியாக ஒரு கேள்வி கேட்பேன். நிறுவனம் சொல்லிக் கொடுத்ததல்ல, நானே சேர்த்துக்கொண்டது.

"ஆபத்து அவசரம்னா முதல்ல யாருக்குப் போன் பண்ணுவீங்க? ரெண்டாவது சாவி அவங்ககிட்ட இருக்கட்டும்."

எளிய கேள்வி. ஆனால் அதற்கு முகங்கள் என்னென்ன ஆகும் என்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு பல் டாக்டர், பக்கத்தில் மனைவி நிற்கும்போதே, "என் டிரைவர்" என்றார். அந்த அம்மாள் வீடு போய்ச் சேரும்வரை வாயைத் திறந்திருக்க மாட்டார். இந்தக் கேள்விக்கு யோசிக்காமல் வரும் பதில்தான் உண்மை.

என் தங்கை யோசிக்கவே இல்லை.

அவளை நான் வளர்த்தேன் என்று சொன்னால் ஊரில் எல்லா அக்காக்களும் சொல்வதுதானே என்பீர்கள். அம்மா போனபோது அவளுக்குப் பால்பல் விழவில்லை. அப்பா வீட்டில் இருந்தும் இல்லாதவர். தங்கைக்கு மூச்சிரைப்பு. தூக்கத்தில் அவள் நெஞ்சு எழுப்பும் விசில் சத்தத்தின் உயரத்தை வைத்தே விடிவதற்குள் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமா, வெந்நீர் ஆவி போதுமா என்று சொல்லிவிடுவேன். எனக்கு வந்த இரண்டு வரன்களையும் அந்த விசிலுக்காகவே வேண்டாமென்றேன். அவள் கேட்டு நான் செய்ததல்ல. அதைச் சொல்லிக் காட்டியதுமில்லை.

கல்லூரிக்குப் போன காலத்தில் தினமும் மத்தியானம் ஷோரூமில் என் டெலிவரி மேசையில் இருக்கும் போனுக்குக் கூப்பிடுவாள். வேலை நேரத்தில் கைப்பேசியை அலமாரியில் வைத்துவிட வேண்டும் என்பது எங்கள் விதி. மேசை போன் எண் அவளுக்கு மனப்பாடம். "க்கா, சாப்பிட்டியா? நான் இன்னிக்கு ஒருத்தனைத் திட்டிட்டேன்" என்று ஆரம்பிப்பாள். திட்டு வாங்கியவனைத்தான் பிறகு கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்குப் பிறகு அந்த போன் எனக்காக அடிப்பது நின்றுபோனது.

மாப்பிள்ளையைப் பற்றிக் குறை சொல்ல எதுவுமில்லை. அதுதான் கஷ்டம். குடிப்பவராகவோ கை நீட்டுபவராகவோ இருந்திருந்தால் எனக்கு ஒரு இடம் இருந்திருக்கும். அவர் சட்டைப் பையில் அவளுடைய இன்ஹேலர் ஒன்று எப்போதும் இருந்தது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தங்கைக்கு லேசாக இழுத்தது. என் கை என் பைக்குள் போய்த் துழாவுவதற்குள் அவர் எடுத்துக் கொடுத்துவிட்டார், பேச்சைக்கூட நிறுத்தவில்லை. நான் பையை மூடிவைத்தேன். யாரும் கவனிக்கவில்லை.

அவர்களுடைய வண்டியை நானே ஒப்படைத்தேன். எல்லாம் சொன்னேன். இருவரும் என்னவோ ரகசியமாகப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் கேள்வியைக் கேட்டேன். சாவியை அவள் என் கையிலிருந்து வாங்கி, என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, அவர் சட்டைப் பையில் போட்டாள்.

"இந்த ஆளுதான்க்கா. வேற யாரு வருவா? போன் அடிச்சா பாதி சோத்துல எழுந்து ஓடி வரும்."

"அக்கா மூஞ்சியைப் பாரு," என்றார் அவர். "அக்காவும் வருவாங்கன்னு சொல்லுடி."

"அக்கா வருவாங்க. வந்து முதல்ல அரைமணி நேரம் திட்டுவாங்க."

நானும் சிரித்தேன். அன்றைக்கு ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டேன். சீட்டின் தலைசாய்ப்பை உருவினால் அடியில் இரண்டு இரும்புக் கம்பிகள் இருக்கும். மாட்டிக்கொண்டால் அதைக் கொண்டு கண்ணாடியின் ஓரத்தில் குத்தி உடைக்கலாம். எல்லோருக்கும் உருவிக் காட்டுவேன். அவளுக்குக் காட்டவில்லை. மறதி என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

சில மாதங்கள் கழித்து மாப்பிள்ளையே ஷோரூமுக்கு வந்து இரண்டாவது சாவியை என்னிடம் கொடுத்தார். "நான் எதை வெச்சாலும் தொலைச்சுருவேன்க்கா. உங்ககிட்டயே இருக்கட்டும். அவகிட்ட சொல்லிராதீங்க, என்னைக் கிண்டல் பண்ணியே கொன்னுருவா." அந்தச் சாவி எனக்கு வந்தது இப்படித்தான். அவள் கொடுத்து வரவில்லை. அவர் வேண்டாமென்று வைத்ததைப் பொறுக்கிக்கொண்டேன். அதைக் கைப்பைக்குள் ஒரு கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தேன்.

அந்த நாளுக்கு வருகிறேன். சாப்பாட்டு வேளைக்குச் சற்று முன்னால் அவள் வந்தாள். பின்பக்க முற்றத்தில், விற்காத வண்டிகள் நிற்கும் இடத்தில், காரை நிறுத்தியிருந்தாள். முகம் வாடியிருந்தது. இரவெல்லாம் தூங்கவில்லையாம்.

"க்கா, அவருக்கு மாத்தலாயிருக்கு. தூரம்தான். மாசக் கடைசியில கிளம்புறோம்."

"எப்ப முடிவாச்சு?"

"போன வாரமே தெரியும். போன்ல சொல்லலாம்னுதான் இருந்தேன். அவருதான், அக்காகிட்ட நேர்ல போய்ச் சொல்லுன்னு திட்டி அனுப்பினாரு."

எனக்குக் கிடைத்த அந்தச் சின்ன மரியாதைகூட அவர் போட்ட பிச்சை என்று புரிந்தது. சாப்பிட்டாயா என்று கேட்டேன். பசியில்லை, கண் எரிகிறது, நீ கையிலிருக்கும் டெலிவரியை முடித்துவிட்டு வா, அதுவரை கொஞ்சம் படுக்கிறேன் என்று பின்சீட்டில் சாய்ந்தாள். கார்ச் சாவியைத் தன் கைப்பையில் போட்டாள். பையை நான் வாங்கி டிக்கியில் வைத்து மூடினேன். பை வெளியே தெரியும்படி சீட்டில் இருக்கக் கூடாது, டிக்கியில் வைக்க வேண்டும். இதையும் எல்லோருக்கும் சொல்வேன். இன்ஹேலர் அந்தப் பையில் இருந்தது. போன் மட்டும் அவள் கையில் இருந்தது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டிருந்தாள். முற்றத்துத் தூசி அவளுக்கு ஆகாது என்பதால் கதவையும் சாத்தினேன்.

"வேகும்க்கா."

"இதோ வந்துர்றேன்டி."

பாருங்கள், நான் செய்த ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் சரியானதே.

மாடியில் எங்கள் ஓய்வறை ஜன்னலிலிருந்து முற்றம் முழுவதும் தெரியும். கையிலிருந்த டெலிவரியை முடித்துவிட்டு அங்கே போய் நின்றேன். அன்றைக்குக் கைப்பேசியை அலமாரியிலிருந்து எடுத்து ஜன்னல் விளிம்பில் என் முன்னால் வைத்துக்கொண்டேன். கைக்குட்டையைப் பிரித்து, இருமுறை அழுத்தினேன். காரின் மஞ்சள் விளக்குகள் கண்சிமிட்டின.

என் நினைப்பு இவ்வளவுதான். அவள் விழிப்பாள், கதவு திறக்காது, சின்னதாக ஒரு பயம் வரும். இரண்டாவது சாவி அவரிடம் இருப்பதாகத்தான் அவளுக்குத் தெரியும், ஆனால் அவர் எங்கோ வேலையில் இருக்கிறார். நானோ ஒரு படிக்கட்டு தூரத்தில் இருக்கிறேன். புத்தியுள்ள யாரும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். போன் அடிக்கும். ஓடிப்போய்த் திறப்பேன். திட்டமாட்டேன். இதையும் முடிவு செய்துவைத்திருந்தேன்.

அவள் எழுந்தாள். ஒரு கைப்பிடியை இழுத்தாள், பிறகு மற்றதை. முன்சீட்டுக்குத் தாவி அங்கேயும் பார்த்தாள். சாவி இல்லாமல் கண்ணாடியும் இறங்காது. தனக்குத்தானே சிரித்தது கண்ணாடி வழியே தெரிந்தது. பிறகு போனைக் காதில் வைத்தாள்.

ஜன்னல் விளிம்பில் இருந்த என் கைப்பேசி சும்மா கிடந்தது. கீழே டெலிவரி மேசை போன் அடித்துக்கொண்டிருந்தது. நின்று, மறுபடி அடித்தது. சாப்பாட்டு வேளையில் கூப்பிடும் வாடிக்கையாளர்களுக்கு இங்கிதமே கிடையாது. அவள் போனை இறக்குவதையும் மறுபடி காதில் வைப்பதையும் பார்த்தேன். அப்புறம் அவள் பேசத் தொடங்கினாள். யாரோ எடுத்துவிட்டார்கள். யார் என்று எனக்குத் தெரியும். அவள் நெற்றியில் கைவைத்துப் பேசும் விதத்திலேயே தெரிந்தது.

உடனே என் கைப்பேசி அடித்தது. மாப்பிள்ளை. சாவி என்னிடம் இருப்பது அவருக்குத் தெரியுமல்லவா? நான் எடுக்கவில்லை. அவருடன் பேசிக்கொண்டிருந்தால் அவள் கூப்பிடும்போது லைன் கிடைக்காது. ஒவ்வொரு முறை அவர் பெயர் வந்தபோதும் துண்டித்தேன்.

அவள் ஹார்னை அடித்தாள். எங்கள் முற்றத்தில் நாள் முழுக்க யாராவது ஹார்னைச் சோதித்துக்கொண்டே இருப்பார்கள். அங்கே ஹார்ன் சத்தத்துக்குத் தலையைத் திருப்புகிறவன் புது ஆள். எலெக்ட்ரீஷியன் ஒருவர் உண்டு, உயரமாக இருப்பதால் கொக்கு என்று கூப்பிடுவோம். கொட்டகையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அவர் குரல் மேலே வரைக்கும் கேட்டது.

"எவன்டா அது? ஒரு வாய் நிம்மதியா தின்ன விடுறானா பாரு!"

"வயர் ஏதோ ஒட்டிக்கிச்சு போல, போய்ப் பாருண்ணே," என்றது இன்னொரு குரல்.

"கத்தட்டும். பேட்டரி தீந்தா தானா அடங்கும்."

எல்லோரும் சிரித்தார்கள். கொக்கு இப்போது வேலைக்கே வருவதில்லை என்று கேள்விப்பட்டேன். நான் சிரித்தேனே, சிரித்தேனே என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம். அவர்மேல் தவறில்லை. அவரிடம் இதைக் காட்டுங்கள்.

தங்கை உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தாள். அவள் தோள்கள் ஏறி இறங்குவதை வைத்தே விசில் எந்த உயரத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. மாடியில் இருந்தாலும், இரண்டு கண்ணாடிகள் நடுவில் இருந்தாலும் எனக்கு அது கேட்டது. என் கட்டைவிரல் திறக்கும் பொத்தானின் மேல்தான் இருந்தது. கையில் இன்னும் போன் இருக்கிறதே, இப்போது கூப்பிடுவாள் என்று காத்திருந்தேன். அவள் மறுபடியும் அவருடன்தான் பேசினாள். பிறகு பேசவில்லை.

கை கண்ணாடியிலிருந்து சரிந்தபின் கீழே போனேன். நடந்துதான் போனேன். பொத்தானை அழுத்தினேன், கதவு உடனே திறந்தது. பூட்டில் எந்தக் கோளாறும் இல்லை. சாவியைக் கைக்குட்டையில் சுற்றி உள்ளே வைத்துவிட்டு, பிறகு கூச்சலிட்டேன். நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். அந்த வண்டி தானாகப் பூட்டிக்கொள்ளாது. பூட்டியது நான். திறக்காமல் நின்றதும் நான்.

மாப்பிள்ளை என் மடியில் விழுந்து அழுதார். "சாவியை நானே வெச்சிருக்கணும்க்கா, உங்க தலையில கட்டிட்டேனே" என்றார். அவர் தலையைத் தடவிக் கொடுத்தேன். எனக்கு அவர்மேல் கோபம் குறையவில்லை. கடைசிவரை அவள் அவரைத்தானே கூப்பிட்டாள் என்று ஒவ்வொரு இரவும் நினைத்துக்கொண்டேன். என்னை ஒரே ஒரு முறை கூப்பிட்டிருந்தால் உயிரோடு இருந்திருப்பாள். அவள் சாவுக்கு அவளே எடுத்த முடிவுதான் காரணம் என்று அமைதியாகிவிட்டிருந்தேன்.

நேற்று ஸ்டேஷனில் அவளுடைய போன் பதிவுகளைப் புரட்டியபடி நீங்கள் போகிற போக்கில் ஒன்று சொன்னீர்கள்.

"உங்க தங்கச்சி முதல்ல அடிச்சது உங்க மேசை போனுக்குத்தாம்மா. ரெண்டு தடவை அடிச்சிருக்காங்க. யாரும் எடுக்கலைன்னதும்தான் புருஷனுக்குப் போட்டிருக்காங்க. பாவம், நீங்க சாப்பிடப் போயிருப்பீங்க."

நான் அழுததைப் பார்த்துப் பதறிப்போய்த் தண்ணீர் கொடுத்தீர்கள். மன்னியுங்கள், நீங்கள் நினைத்த அழுகை அல்ல அது. அத்தனை பயத்திலும் அந்தப் பழைய எண் அவளுக்கு ஞாபகம் வந்திருக்கிறது. நேற்று இரவுதான் நான் நன்றாகத் தூங்கினேன்.

எனக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். ஒரேயொரு வேண்டுகோள். மாப்பிள்ளையிடம் இதை யாரும் இன்னும் சொல்லவில்லை என்றால், என்னைச் சொல்ல விடுங்கள். அவள் முதலில் கூப்பிட்டது என்னைத்தான் என்று அவர் முகத்தைப் பார்த்து நானே சொல்ல வேண்டும்.