படத்துக்குக் கீழே

எனக்கு எதையும் அவசரமாகப் படிக்க வராது. நாற்பத்தாறு வயதில்தான் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டேன். அதனால் கடைசி வரி வரைக்கும் விரலை எடுக்கமாட்டேன். பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தையும் படித்துவிட்டுத்தான் கசக்கிப் போடுவேன். நீங்கள் எழுதுகிற இந்தத் தாளையும் அப்படித்தான் படிப்பேன், சார்.

நகரிக்கு வெளியே நாகபூஷணம் முதலாளியின் சாயப்பட்டறையில் இருபத்திரண்டு வருஷமாக மூட்டை தூக்குகிறேன். போன வருஷம், அன்றன்றைய வேலையைப் போனில் பார்த்துக்கொள்ளும்படி ஒரு வெப் பக்கம் செய்தார்கள். மேஸ்திரி வாயால் சொல்வது அதோடு நின்றது. திருப்பதியிலிருந்து நீரஜா என்கிற பெண் வந்து செய்து கொடுத்தது. முதலாளி மேசையில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டரில் அது அழகாகத்தான் இருக்கும். இடப்பக்கம் யாருக்கு என்ன வேலை, வலப்பக்கம் சிவப்பில் எச்சரிக்கை. போனில் இடம் போதாமல் அந்த வலப்பக்கம் அடியில் போய் விழுந்தது. முதலில் வேலை, அப்புறம் பட்டறையின் பெரிய படம், அதற்கும் கீழே எச்சரிக்கை. படம் வந்ததும் பக்கம் முடிந்தது என்று எல்லாரும் போனைப் பையில் போட்டுக்கொள்வார்கள். கீழே போனவன் நான் ஒருவன்தான்.

ஒருநாள், ஆசிட் டிரம்மை இடம் மாற்றி வைத்திருக்கிறார்கள், பார்த்துத் தொடுங்கள் என்றேன். எப்படித் தெரியும் என்று அசந்துபோனார்கள். மறுநாளிலிருந்து, "கீழ இன்னா போட்டுகீதுண்ணா?" என்று கேட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போனார்கள். பன்னிரண்டாவது படித்தவர்களும் கேட்டார்கள். அதுவரை என்னிடம் யாரும் எதையும் கேட்டதில்லை.

ஜெயச்சந்திரன் மட்டும் கேட்கமாட்டான். முப்பது வயது, தொட்டி கழுவுகிறவன். "இன்னா நைனா, பரீட்சைக்குப் படிச்சிக்கினுகீறியா?" என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவன்மேல் எனக்குக் கோபம் கிடையாது.

மாசியில் நீரஜா திரும்ப வந்தது. பக்கத்தையே மாற்றிச் செய்ய வேண்டும் என்று முதலாளியிடம் சொல்லிப் பார்த்தது. ஆட்கள் குறை சொன்னால் பார்க்கலாம் என்றுவிட்டார். அப்புறம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"பெரிய ஸ்கிரீனுக்குச் செஞ்சி அப்பறம் போனுக்குச் சுருக்கனது என் தப்புண்ணா. மொதல்ல போனுக்குத்தான் செஞ்சிருக்கணும். எது தெரியலன்னா ஆளுக்கு ஆபத்தோ, அது மேல வந்திருக்கணும். நீங்க சொல்லுங்க, எல்லாரும் கீழ வரைக்கும் பாக்கறாங்களா?"

அது சொன்னது சரி என்று எனக்குப் புரிந்தது. எச்சரிக்கை மேலே ஏறிவிட்டால் மறுநாள் என்னிடம் யார் வருவார்கள் என்பதும் புரிந்தது.

"எல்லாரும் பாக்கறாங்கம்மா" என்றேன்.

பங்குனியில் அந்தத் திங்கட்கிழமை காலை. கழிவுத்தொட்டி ஜெயச்சந்திரனுக்கு என்று போட்டிருந்தது. படத்துக்குக் கீழே, 'தொட்டியில் விஷவாயு. காற்றேற்றும் வரை யாரும் இறங்கக் கூடாது' என்று இருந்தது. மூன்று முறை படித்தேன். படித்துவிட்டுத் தொட்டியண்டை போய் நின்றேன். அவன் போனைப் பார்த்தான், பையில் போட்டான், லுங்கியை மடித்துக் கட்டினான். அவன் கண்ணில் படுகிற இடத்தில்தான், போனைக் கையில் பிடித்தபடி நின்றேன். என்னைப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னா நைனா, பாஸா பெயிலா?"

ஏணியில் கால் வைத்தான்.

இப்போது பக்கத்தை மாற்றிவிட்டார்கள். போனைத் திறந்ததும் சிவப்பு எழுத்துதான். என்னிடம் யாரும் வருவதில்லை. முதலாளி எல்லாப் பழியையும் நீரஜா மேல் போடுகிறார். அந்தப் பெண் நல்ல பெண். அதற்காகத்தான் நானே ஸ்டேஷனைத் தேடி வந்தேன். அது கேட்டதற்கு நான் பொய் சொன்னேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். தொட்டியில் என்ன இருக்கிறதென்று தெரிந்தே நின்றேன் என்றும் எழுதுங்கள். ஆனால் கொன்றேன் என்று மட்டும் எழுதாதீர்கள், சார். அந்த ஏணிக்கு ஒன்பது படி. அவன் நிதானமாகத்தான் இறங்கினான். ஏதாவது ஒரு படியில் நின்று கேட்டிருந்தால் படித்துக் காட்டியிருப்பேன். ஒன்பதாவது படி வரைக்கும் அதற்குத்தான் காத்துக்கொண்டிருந்தேன்.